கறுப்புக் கரையில் மூன்று வெட்டு

அத்தியாயம் 7

"செத்துப்போனவங்களோட கடைசிப் படத்தை இவ்வளவு பாந்தமா பிரின்ட் போட்டு நான் பார்த்ததே இல்லை," என்றான் யெர்க்கர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி.

பக்கத்தில் இருந்த சிக்பிரித், துப்பறியும் வேலையில் அவனுடைய தலைவர், மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். அறுபத்திரண்டு வயதுக்கு நல்ல மிதி.

திஸ்ட்லே தீவின் ஒரே தங்கும் விடுதி அது. காலை பதினொரு மணி. ஜன்னலுக்கு வெளியே நேற்றைய மூடுபனி இன்னும் போன பாடில்லை. மேசைவிரிப்பின் மேல், காபிக் கோப்பைகளுக்கு நடுவே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு சதுரக் கறுப்பு வெள்ளைப் படம் கிடந்தது. கடலில் ஒரு சிறிய மோட்டார் படகு. அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். தொப்பியோடு சேர்ந்த வெளிர்நிற மழைக்கோட்டு. இடது பக்கம் கலங்கரை விளக்கம், வலது பக்கம் பாறைமேல் கற்களை அடுக்கிய அடையாளத் தூண். பின்னால் பனி, வெறும் வெள்ளை.

படத்தைக் கொண்டுவந்து வைத்தவன் எதிரே உட்கார்ந்திருந்தான். ஃபோல்கே. பயணப் பத்திரிகைகளில் பெயர் பெற்ற புகைப்படக்காரன். கூடவே படம் எடுக்கும் ஐனாவோடு இந்தத் தீவுக்கு வந்திருந்தான்; அவளைத்தான் நேற்றிலிருந்து காணவில்லை. இரவெல்லாம் அழுத கண். சவரம் மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தான்.

"நேத்து மத்தியானம் ஒரு மணி இருக்குங்க. நான் இந்த ஊர் மலைமேல நின்னுக்கிட்டு இருந்தேன். கீழ பார்த்தா ஐனா தனியா படகை எடுத்துக்கிட்டுப் போறா. அவளோட மஞ்சக் கோட்டு. ஒரே ஒரு படம் எடுத்தேன். நாலு மணிக்குப் படகு மட்டும் தெற்கால மிதந்துக்கிட்டு வந்துச்சு. நேத்து ராத்திரியே இந்தப் பாத்ரூம்ல வச்சு ரோலைக் கழுவி, போலீசுக்குக் காட்டணும்னு இதைப் போட்டேன்."

போலீஸ்காரர் விடியற்காலை அக்கரையிலிருந்து வந்து, படத்தைப் பார்த்து, உச்சுக் கொட்டி, 'விபத்து' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதை நம்பாத ஒரே ஆள் ஐனாவின் அக்கா குன்வோர். கோத்தன்பர்க்கில் டிராம் ஓட்டுபவள். சிக்பிரித் குடியிருக்கும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி. கட்டடத்தின் பொதுத் துணி துவைக்கும் அறைக்கு முறை எழுதும் பட்டியலில் தொடங்கிய பழக்கம். இன்று காலை ஐந்து மணிக்கு அவள் கதவைத் தட்டியபோது, சிக்பிரித் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"என் தங்கச்சிக்கு நீச்சல் தெரியாது," என்றாள் குன்வோர். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "குளியல் தொட்டியிலேயே கை பிடிச்சுக்கிட்டு இறங்குறவ. தனியா படகு எடுத்தாளாம்."

"ஒரு நல்ல படம் கிடைக்கும்னா அவ எதுவும் செய்வா குன்வோர். உங்களுக்கே தெரியும்," என்றான் ஃபோல்கே, மென்மையாக.

யெர்க்கர் மேசைமேல் இருந்த ஃபோல்கேயின் கேமராவைத் தூக்கிப் பார்த்தான். கறுப்பும் வெள்ளியுமாகச் சதுரப் பெட்டி. ஒரு குழந்தையின் கனம் இருந்தது.

"ஊர் ஊராச் சுத்தற தொழில்ல இதைப் போய் ஏன் சுமக்கறீங்க? சட்டைப்பையில போடற மாதிரி எவ்வளவோ வந்தாச்சு."

தொழிலைப் பற்றிக் கேட்டதும் ஃபோல்கேயின் முதுகு நிமிர்ந்தது. "சின்னதுல முப்பத்தாறு படம். இதுல பன்னெண்டுதான். பன்னெண்டுதான் இருக்குன்னு தெரிஞ்சா கண்ணு ஒழுங்கா வேலை செய்யும். நெகட்டிவே இவ்வளவு பெருசு, பெரிசாக்காம அப்படியே பேப்பர்மேல வச்சு பிரின்ட் போடலாம். பேட்டரி கிடையாது, எந்தக் குளிர்லயும் நிக்காது. பிலிம் இருக்கற பின்பெட்டி தனியாக் கழண்டு வரும். ரெண்டு வச்சிருந்தா, ஒண்ணு தீர்ந்ததும் இன்னொண்ணை மாட்டிக்கிட்டே போகலாம். நானும் ஐனாவும் ஒரே மாதிரிதான் வச்சிருக்கோம்."

யெர்க்கர் பெட்டியை வயிற்றருகே பிடித்து மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தான். கண்ணாடியில் சிக்பிரித் தெரிந்தார். அவர் ரொட்டியை எடுக்க வலப்பக்கம் சாய்ந்தார். கண்ணாடியில் இடப்பக்கம் சாய்ந்தார். யெர்க்கர் அவரைப் பின்தொடரப் போய்க் காபியைத் தட்டிவிட்டான்.

"தலைவரே, இதுல எல்லாம் இடம் வலமாத் தெரியுது. எங்க வீட்டுக் கணக்கு மாதிரி."

"பிரின்ட்ல நேராயிடும்," என்று ஃபோல்கே சிரிக்காமல் சொன்னான்.

சிக்பிரித் தம் கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். "சுத்தி மெல்லிசாக் கறுப்புக் கரை விட்டிருக்கீங்களே."

"அது என் வழக்கம். கரை இருந்தா, ஓரத்தை வெட்டலை, எடுத்ததை எடுத்தபடியே காட்டறேன்னு அர்த்தம். பத்திரிகைக்காரங்களுக்கும் அதே நிபந்தனைதான். கரையை வெட்டினா என் படத்தைப் போடக் கூடாது."

"கரைக்கு வந்தவர் கரையை விடமாட்டேங்கறார்," என்றான் யெர்க்கர். கோத்தன்பர்க்காரர்களுக்கு வார்த்தையைப் புரட்டாமல் இருக்க முடியாது. சாவு வீட்டிலும் நாக்கு நமநமக்கும். மறுபடி ஒரு மிதி விழுந்தது.

"நெகட்டிவ் எங்க?" என்று கேட்டார் சிக்பிரித்.

"காலைத் தபால் படகுல பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பிட்டேங்க. அவ நினைவா ஏதாவது போடுவாங்க."

கதவைத் திறந்துகொண்டு ஹில்டிங் வந்தான். மீட்புப் படகின் தலைவன். தேடுதல் இல்லாத நாட்களில் மீன் பிடிப்பவன். உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம். நேராகக் குன்வோரிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"நிறுத்திட்டோம்மா. தெற்கு முழுக்க அலசியாச்சு. அஞ்சு மணிக்குப் புயல்னு ரேடியோவுல சொல்லிட்டான். இனிமே ஆளுங்களை அனுப்ப முடியாது." பிறகு சிக்பிரித்தைப் பார்த்தான். "நீ யாரு?"

"'நீங்க'ன்னு சொன்னா நாக்கு தேஞ்சுடாது," என்றார் சிக்பிரித்.

"இந்தத் தீவுல ராஜா வந்தாலும் நீதான்."

குன்வோர் டிராமின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜோக் அடித்ததற்காக யெர்க்கர் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஐனாவின் அறை மாடியில். படிக்கட்டு ஏறும்போது சிக்பிரித் சொன்னார்: "ஸ்வீடன் முழுக்க எல்லாரையும் நீ வா போன்னு கூப்பிடறதா மாறி ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் என்னை நீங்கன்னு கூப்பிடறவன் ஏதாவது வேண்டி வந்தவனா இருப்பான். இல்ல, வேண்டாததைச் செஞ்சவனா இருப்பான்."

"நானும்தான் நீங்கங்கறேன்."

"நீ சம்பள உயர்வு வேண்டி வந்தவன்."

அறையில் ஒரு கம்பளிப் போர்வை, ஒரு சீப்பு, ஜன்னல் விளிம்பில் பாதி தின்ற ஏலக்காய் ரொட்டி. மேசைமேல் ஒரு பின்பெட்டி, காலியாக. சிக்பிரித் அதைத் திறந்து உள்ளே விரலால் தடவினார். பிலிம் பதியும் சதுரச் சட்டத்தின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுக்கள் இருந்தன. எலி கடித்த மாதிரி.

"இது உடைஞ்சிருக்கா?"

"இல்ல," என்றாள் வாசலில் நின்ற குன்வோர். "தொழிற்சாலையிலேர்ந்து வரும்போதே ரெண்டு வெட்டு இருக்கும். படத்தோட ஓரத்துல அது பல்லு மாதிரி விழும். ஐனா நகம் தேய்க்கற அரத்தை வச்சு இன்னும் வெட்டிக்குவா. இதுல மொத்தம் மூணு, இன்னொண்ணுல நாலு. ஏதாவது பெட்டியில வெளிச்சம் கசிஞ்சா, படத்தைப் பார்த்தே எந்தப் பெட்டின்னு சொல்லிடலாம்னு. என் அரத்தைத்தான் நாசம் பண்ணினா."

"நாலு வெட்டுப் பெட்டி இப்ப எங்க?"

"கேமராவோட அவகிட்ட இருக்கும்."

சிக்பிரித் படத்தைக் கீழிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். உருப்பெருக்கியை அதன் ஓரத்தில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. யெர்க்கர் எட்டிப் பார்த்தான். மெல்லிய கறுப்புக் கரையில், வலது பக்கம், மூன்று பல்.

"மூணு," என்றான். "அப்ப, இந்த மேசைமேல இருக்கற பெட்டியில எடுத்த படமா இது?"

"ஃபோல்கே நேத்து இதைக் கடன் வாங்கியிருக்கலாம். அவசரப்படாத." சிக்பிரித் குன்வோர் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது மனத்தாங்கல் உண்டா?"

குன்வோர் யோசித்தாள். "இந்தப் பயணத்துல அவன்கிட்ட ஒரு விஷயம் கேட்டே ஆகணும், கேட்கவே கூச்சமா இருக்குன்னு போன வாரம் சொன்னா. என்னன்னு சொல்லலை. போன வருஷம் ரெண்டு பேரும் நார்வேயில லோஃபோத்தன் தீவுகளுக்குப் போனப்ப அவளோட ஒரு ரோல் தொலைஞ்சு போச்சு. ரெண்டு நாள் அழுதா."

கீழே கூடத்தில் விருந்தாளிகளுக்காக அடுக்கியிருந்த பழைய பத்திரிகைகளை யெர்க்கர் ஒரே பாய்ச்சலில் அள்ளிக்கொண்டு வந்தான். ஃபோல்கேயின் படங்கள் வந்த இதழ்கள் மட்டும் கசங்காமல் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. மூவரும் தரையில் பரப்பிப் பார்த்தார்கள். போர்ச்சுகல், ஸ்காட்லாந்து, கிரீஸ். எல்லாப் படத்துக்கும் கறுப்புக் கரை. எல்லாக் கரையிலும் இரண்டு பல். லோஃபோத்தன் இதழ் வந்தது. கம்புகளில் காயும் மீன்கள், பின்னால் பனிமலை. அந்த ஆண்டின் பரிசு வாங்கிய படம். கரையில் மூன்று பல்.

"கரையில கறை," என்றான் யெர்க்கர். இந்த முறை அவனை யாரும் மிதிக்கவில்லை.

"திருடன்," என்றாள் குன்வோர்.

"திருடன்னு சொல்லிட்டு விட்டுட முடியாது குன்வோர்." சிக்பிரித்தின் குரல் தாழ்ந்திருந்தது. "யெர்க்கர், இந்தப் படத்துல எல்லாம் பல்லு எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் மறுபடி புரட்டினான். "இடது. இடது. இதுவும் இடது." பிறகு மேசைமேல் இருந்த சின்னச் சதுரத்தைப் பார்த்தான். "இதுல மட்டும் வலது."

சிக்பிரித் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு படி இறங்கினார். அவ்வளவு வேகமாக அவர் இறங்கி யெர்க்கர் பார்த்ததில்லை.

படகுத்துறையில் ஹில்டிங் கயிறுகளை இரட்டைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான். காற்று தென்மேற்குக்குத் திரும்பியிருந்தது. பனி அங்கங்கே கிழியத் தொடங்கியிருந்தது, அதற்குப் பின்னால் வானம் ஈயநிறத்தில் கிடந்தது.

"இந்தப் படம் எங்கேயிருந்து எடுத்தது?" என்று கேட்டார் சிக்பிரித்.

"எத்தனை பேருக்குச் சொல்றது. நம்ம மலையிலேர்ந்து. இங்கேயிருந்து பார்த்தா விளக்கு இடது, கல்தூண் வலது. பொறந்ததிலேர்ந்து பார்க்கறேன்."

சிக்பிரித் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். "கண்ணாடிக்குள்ள பாரு."

ஹில்டிங் பார்த்தான். விளக்கு வலப்பக்கம் போயிருந்தது, தூண் இடப்பக்கம். அவன் உதட்டுக்குள்ளிருந்த புகையிலையைத் துப்பினான்.

"இது கறும்பாறையிலேர்ந்து பார்க்கறது. வெளிக்கடல்ல, விளக்குக்கு அந்தப்பக்கம். பின்னால நம்ம தீவே தெரியணும். நேத்துப் பனியில தெரிஞ்சிருக்காது." நிறுத்தினான். "ஆனா அங்க யாரும் போகமாட்டாங்களே. புல்லுகூட முளைக்காத திட்டு."

"நெகட்டிவை முதுகு மாத்தி வச்சு பிரின்ட் போட்டிருக்கான்," என்றார் சிக்பிரித். "மலையிலேர்ந்து எடுத்த மாதிரி ஆயிடுச்சு. பல்லும் பக்கம் மாறிடுச்சு. அதை அவன் கவனிக்கலை. பதினஞ்சு வருஷமா அந்த ஓரத்தைத் தினம் பார்க்கறவன், எதுக்கு எண்ணப் போறான்? வெட்டியிருந்தா தப்பிச்சிருப்பான். கரையை வெட்ட அவனுக்குக் கை வரலை."

யெர்க்கருக்குப் புரிந்தது பாதிதான். "அப்ப ஃபோல்கே அந்தப் பாறைமேல நின்னு, ஐனா படகுல போறதை, ஐனாவோட பெட்டியிலயே..."

"அவ படகை எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, பாறைமேல நின்னவன் எப்படித் திரும்பி வந்தான்? ஐனாவோட பெட்டி, ஐனாவோட கேமராவுல. படத்தை எடுத்ததே ஐனாதான்."

சிக்பிரித் படத்தில் இருந்த உருவத்தின்மேல் விரலை வைத்தார்.

"மனுஷன் இல்லாத கடல் படத்தை எந்தப் பத்திரிகையும் வாங்காது. கூட வந்தவனுக்கு வெளிர் கோட்டை மாட்டிப் படகுல உட்கார வச்சு எடுக்கறது இவங்க வழக்கம். லோஃபோத்தன் இதழ்லயும் அப்படி ரெண்டு இருந்துச்சு. முதுகைக் காட்டிக்கிட்டுப் படகுல இருக்கறது ஃபோல்கே. படம் எடுத்தாச்சு, பன்னெண்டும் முடிஞ்சுது, அவ பின்பெட்டியை மாத்தி, முடிஞ்சதை அவன்கிட்ட குடுத்தா. மூட்டையெல்லாம் படகுல ஏறிடுச்சு. அவ மட்டும் ஏறலை. இங்க வந்து இறங்கினதும் காலிப் படகைக் கடல்ல தள்ளி விட்டிருக்கான்."

"அப்ப அவ சாகலை," என்றாள் குன்வோர். "அவ அங்கதான் இருக்கா."

"கோட்டு அவன்கிட்ட போயிடுச்சு குன்வோர்," என்றார் சிக்பிரித். "நேத்து ராத்திரி ரெண்டு டிகிரி."

ஹில்டிங் ஏற்கெனவே கட்டிய கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "ஏறுங்க," என்றான், சிக்பிரித்தைப் பார்த்து. "புயல்ல அந்தத் திட்டுமேல அலை ஏறும். ஏறினா ஒண்ணும் மிஞ்சாது."

அப்போதுதான் யெர்க்கர் திரும்பிப் பார்த்தான். ஃபோல்கே பெட்டியும் தோள்பையுமாக, பன்னிரண்டு மணிப் படகைப் பிடிக்கத் துறைக்கு வந்துகொண்டிருந்தான். சிக்பிரித்தின் கையில் கண்ணாடியையும் படத்தையும் பார்த்தான். நின்றான். முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. கடலைப் பார்த்தான், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"போய்ச் சேர முக்கால் மணி ஆகுங்க," என்றான். "காத்து எதிர்க்காத்து."

யாரும் அவனிடம் எங்கே போகிறோம் என்று சொல்லியிருக்கவில்லை.

ஹில்டிங்கின் ஆட்கள் இருவர் அவனைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். அவன் திமிறவில்லை. கால்சட்டை கசங்காமல் உட்கார்ந்தான். ஓடிப்போயிருந்தால்கூட யெர்க்கருக்கு அவ்வளவு குலை நடுங்கியிருக்காது.

முக்கால் மணி சரியாகத்தான் இருந்தது. விளக்கைத் தாண்டியதும் அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குன்வோர் முன்பக்கம் மண்டியிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது; துடைக்கவில்லை. யெர்க்கர் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சிக்பிரித் அவன் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கறும்பாறை தண்ணீரிலிருந்து இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. மேற்குப் பக்கம் அலை ஏற்கெனவே பாதி வரை நக்கிவிட்டுப் போனது. மேலே எதுவும் இல்லை. ஹில்டிங் ஒருமுறை சுற்றி வந்தான். எதுவும் இல்லை. குன்வோர் பெயர் சொல்லிக் கத்தினாள். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

"அங்க," என்றான் யெர்க்கர்.

கிழக்கோரத்தில் ஒரு பிளவு. அதற்குள், கம்பளிச் சட்டையை முழங்காலுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகைப் பாறைக்குக் கொடுத்து ஒருத்தி சுருண்டு கிடந்தாள். மடியில் சதுரப் பெட்டி. தலை மட்டும் தீவின் பக்கம் திரும்பியிருந்தது.

குன்வோர்தான் முதலில் குதித்தாள். யெர்க்கர் போர்வைகளோடு பின்னால் குதித்தான், முட்டி பெயர்ந்தது. ஐனாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது, கண் திறந்திருந்தது. அக்காவை அடையாளம் கண்டுகொண்டு, விறைத்த விரல்களால் அவள் கையைப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. சிக்பிரித் குனிந்து காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"ஃபோல்கே கிடைச்சானா?"

சிக்பிரித் நிமிர்ந்து குன்வோரைப் பார்த்தார்.

"படகை ஒதுக்கமான பக்கம் கட்டிட்டு வரேன்னு போனான். வரவே இல்லை. ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேன்." பல் தந்தியடித்தது, ஒவ்வொரு வார்த்தையையும் தனியாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. "என் கோட்டு அது. நனைஞ்சா கனக்கும். நீஞ்சவே முடியாது. நான்தான் போட்டுக்கச் சொன்னேன், படத்துக்கு நல்லா இருக்கும்னு. நேத்துக் காலையில லோஃபோத்தன் படத்தைப் பத்தி ஒரு சண்டை வேற. அவன் மன்னிப்புக் கேட்டான், தெரியுமா. எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்னான். என்னாலதான் செத்தான்."

குன்வோர் வாயைத் திறந்தாள். சிக்பிரித் அவள் தோளை அழுத்தினார். பின்னால் ஒரு அலை பாறைமேல் ஏறி அவர்கள் கால்களை நனைத்துவிட்டு இறங்கியது. ஹில்டிங் படகிலிருந்து சீக்கிரம் வரும்படி கையை வீசினான்.

"சாகலை," என்றார் சிக்பிரித். "கரையிலதான் இருக்கான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை."

ஐனாவின் முகம் இளகியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அக்காவின் கையை விட்டுவிட்டு, யெர்க்கர் சுற்றிய போர்வைக்குள் அவள் தானாகவே ஒடுங்கிக்கொண்டாள்.

"நல்லவேளை," என்றாள்.